வார்த்தை வராத நாட்களில் ஜெபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை போய்விடுகிறது. பரிசோதனை முடிவு மோசமாக வருகிறது. திருமணம் முறிகிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது, வீட்டில் ஒரு மரணம். இப்படிப்பட்ட நேரத்தில் ஒழுங்காகச் சபைக்குப் போகிறவர்களும், வேதாகமத்தைத் திறந்து வெகுகாலம் ஆனவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இங்கே இருக்கின்றன. பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது. நெருக்கடியில் இருப்பவர்களுக்குத் துன்பத்தோடு சேர்த்துக் குற்ற உணர்ச்சியையும் சுமத்துகிற வழக்கம் நம் சபைகளில் அதிகம். அது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தைகூட வரவில்லை. என்ன செய்வது?

வார்த்தை வராமல் போவது அதிர்ச்சியில் இருக்கிற மனதுக்கு இயல்பு. பவுல் இதை அறிந்தே எழுதியிருக்கிறார்: என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியாத நேரத்தில் ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் (ரோமர் 8:26). ஆகவே பெருமூச்சு விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் நீங்கள் ஜெபத்துக்கு வெளியே இல்லை. பிள்ளையில்லாத துக்கத்தில் ஆலயத்தில் அழுது ஜெபித்த அன்னாளை நினைத்துப் பாருங்கள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்தான் (1 சாமுவேல் 1). ஆசாரியனுக்கே ஜெபமாகத் தெரியாத ஒன்றைத்தான் கர்த்தர் கேட்டார்.

சொந்த வார்த்தை இல்லாதபோது மற்றவர்களின் வார்த்தையைக் கடன் வாங்கலாம். சங்கீத புத்தகம் இருப்பதே பெரும்பாலும் இதற்குத்தான். ஒரு நாளைக்கு ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், புரிந்தாலும் புரியாவிட்டாலும். கிழக்கத்திய சபைகளில் பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்படும் ஒரு சிறிய ஜெபம் உண்டு: "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்." மூச்சு உள்ளே போகும்போது பாதி, வெளியே வரும்போது பாதி என்று மெதுவாகச் சொல்லுவார்கள். தூக்கம் வராத இரவில் இது நன்றாகத் துணை செய்யும். கர்த்தருடைய ஜெபத்தையும் மறந்துவிடாதீர்கள். அதில் ஆகாரம் கேட்பது இன்றைக்கு மட்டும்தான், அடுத்த மாதத்துக்கு இல்லை. நெருக்கடியில் இருப்பவர் ஒரு நாளுக்கு மேல் யோசிக்க முடியாமல் தவிக்கும்போது அந்த ஒரு வரியே போதுமானதாக இருக்கிறது.

தேவன்மேல் கோபமாக இருக்கிறது. அதைச் சொன்னால் பாவமா?

சொல்லுங்கள். வேதாகமத்தில் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் ஆராதனைப் பாடலாகவே. சங்கீதம் 13-இன் முதல் இரண்டு வசனங்களில் மட்டும் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது நேருக்கு நேர் கேட்கிறான். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். நம் பாட்டுப் புத்தகங்களில் அந்த விகிதம் இல்லை. அதனால் புலம்புவது விசுவாசிக்கு அழகல்ல என்ற எண்ணம் எப்படியோ வந்துவிட்டது.

பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் துதிக்குத் திரும்பும். சங்கீதம் 88 திரும்பாது. சிநேகிதனும் தோழனும் தூரமாய்ப் போனார்கள் என்ற துக்கத்தோடு அப்படியே நின்றுவிடுகிறது. ஆறுதல் இல்லை, "ஆனாலும்" இல்லை. அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஒரு நல்ல வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. இருட்டிலேயே முடிகிற ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்பது எனக்கு மிகப் பெரிய ஆறுதல். இயேசு சிலுவையில் எடுத்த வார்த்தையும் புலம்பல் சங்கீதத்திலிருந்துதான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" (சங்கீதம் 22:1).

கோபத்தை அவரிடம் கொண்டுபோகிறவர் இன்னும் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். உறவு அறுந்துபோகிறது என்றால் பெரும்பாலும் பேச்சு நின்றுபோகும்போதுதான்.

இது என் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையா?

இந்தக் கேள்வி இயேசுவிடமே வந்தது. பிறவிக் குருடனைக் காட்டி, "யார் செய்த பாவம், இவனா, இவன் பெற்றோரா" என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்த சம்பவத்தை எடுத்து, எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார் (லூக்கா 13).

நம் செயலுக்கு விளைவு உண்டு என்பது வேறு விஷயம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் விபத்து நடக்கத்தான் செய்யும். அதற்கு மனந்திரும்பலாம், பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்கலாம், ஈடு செய்யலாம். ஆனால் புற்றுநோய் வந்தவரிடம் "ஏதாவது மறைவான பாவம் இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள்" என்று சொல்வது கொடுமை. யோபுவின் சிநேகிதர்கள் செய்தது இதைத்தான். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது யோபுவின்மேல் இல்லை, அவர்கள்மேல் (யோபு 42:7).

எவ்வளவு ஜெபித்தும் ஒன்றும் நடக்கவில்லை. என் விசுவாசம் போதவில்லையா?

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தொடக்கத்தில் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்கிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். இருவரும் இயேசுவோடு மலையின்மேல் போனவர்கள், இருவருக்காகவும் அதே சபைதான் தவித்திருக்கும். ஒருவர் பிழைத்தார், மற்றவர் சாகடிக்கப்பட்டார். ஏன் என்று லூக்கா விளக்கவே இல்லை.

அதோடு முடியவில்லை. விடுதலையான பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். உள்ளே அவருக்காக ஊக்கமாய் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். பேதுரு வாசலில் நிற்கிறார் என்று ரோதை என்ற பெண் ஓடிவந்து சொன்னால், "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள்! தாங்கள் கேட்டது கிடைக்கும் என்று அவர்களே நம்பியதாகத் தெரியவில்லை. இருந்தும் பேதுரு வெளியே வந்துவிட்டார். ஆகவே விசுவாசத்தின் அளவை அளந்து, அதற்கேற்ப பதில் வருகிறது என்ற கணக்கு இங்கே பொருந்தவில்லை.

பவுல் தன் சரீரத்தில் இருந்த "முள்" என்று அவர் சொன்ன ஒரு வேதனை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12). சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கட்டும் என்று இயேசு ஜெபித்தபோதும் அது நீங்கவில்லை. இயேசுவின் விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று தன் மகன் சுகமாகும்படி கதறிய தகப்பனின் அரைகுறை விசுவாசத்தை இயேசு திருப்பி அனுப்பவும் இல்லை (மாற்கு 9:24).

கேட்பதை நிறுத்தாதீர்கள். தெளிவாக, குறிப்பாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பழியை உங்கள்மேல் போட்டுக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

"தாங்க முடியாததை ஆண்டவர் தரமாட்டார்" என்கிறார்களே?

நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். ஆனால் 1 கொரிந்தியர் 10:13 பேசுவது அதைப்பற்றி இல்லை. அந்தப் பகுதி முழுவதும் விக்கிரக ஆராதனை, வேசித்தனம் போன்ற பாவத்துக்குள் இழுக்கப்படுவதைப் பற்றியது. தப்பிக்க வழி உண்டு என்பது அங்கே கொடுக்கப்படும் வாக்கு. அதே பவுல் அதே சபைக்கு எழுதிய அடுத்த நிருபத்தில், ஆசியாவில் எங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று எழுதுகிறார் (2 கொரிந்தியர் 1:8). தாங்க முடியவில்லை என்று அப்போஸ்தலரே சொல்லியிருக்கும்போது நீங்களும் சொல்லலாம்.

எரேமியா 29:11-ஐப் பிடித்துக்கொள்ளலாமா?

தாராளமாக. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம் எத்தனையோ பேரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்று அதில் இருக்கிறது. கேட்டவர்களில் பலர் அந்த நாளைப் பார்த்திருக்கவே முடியாது. அதற்குள் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுங்கள் என்று கடிதம் சொல்கிறது. சீக்கிரம் எல்லாம் சரியாகும் என்ற உத்தரவாதமாக அதை எடுத்துக்கொண்டால், தாமதம் ஆகும்போது மனம் உடைந்துவிடும். நீண்ட காத்திருப்பிலும் கைவிடப்படவில்லை என்று எடுத்துக்கொண்டால் வசனம் இன்னும் அதிகமாகத் தாங்கும் என்பது என் எண்ணம்.

மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போவது அவிசுவாசமா?

இல்லவே இல்லை. எசேக்கியா ராஜா சாகக்கிடந்து அழுது ஜெபித்தான். இன்னும் பதினைந்து வருஷம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தர் சொன்னார். வாக்குக் கிடைத்தபிறகும் ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் பற்றுப்போடச் சொன்னான் (ஏசாயா 38). ஜெபம், வாக்கு, மருந்து மூன்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. பவுலின் பக்கத்தில் வைத்தியனாகிய லூக்கா இருந்தார்.

உடம்பு வியாதியைப் பற்றி இப்போது அநேகர் இதை ஒத்துக்கொள்கிறார்கள். மனச்சோர்வு என்றால்தான் தடுமாற்றம். விசுவாசிக்கு எப்படி வரலாம் என்று கேட்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜனுக்கு வந்தது. 1856 அக்டோபரில், லண்டனில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்த அரங்கத்தில் யாரோ "நெருப்பு" என்று கத்த, நெரிசலில் ஏழுபேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. நிலைகுலைந்துபோனார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வு விட்டுவிட்டு அவரைத் தொடர்ந்து வந்தது. அதை மறைக்காமல் பிரசங்க பீடத்திலிருந்தே பேசினார். ஊழியம் நின்றுவிடவும் இல்லை.

தூக்கம், பசி, வேலை எல்லாம் வாரக்கணக்கில் கெட்டுப்போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். ஜெபக்கூட்டத்தில் யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். நிறுத்துவதென்றால் எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசித்தான்.

வாழவே வேண்டாம் போல இருக்கிறது. இதை எப்படி ஜெபிப்பது?

முதலில் இன்னொரு மனிதரிடம் சொல்லுங்கள், இப்போதே. தனியாக இருக்காதீர்கள். உங்களுக்கு எட்டுகிற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ அணுகுங்கள். ஆபத்தான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் யாரையாவது எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஜெபம் அதோடு கூடவே நடக்கட்டும்.

எலியா தீர்க்கதரிசி, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச்செடியின்கீழ் படுத்துவிட்டான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கினான், மறுபடி எழுப்பி, பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லிச் சாப்பிடவைத்தான் (1 இராஜாக்கள் 19). "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. சாப்பாடு, தூக்கம், பக்கத்தில் ஓர் ஆள்: பரலோகத்திலிருந்து வந்த முதலுதவியே அதுதான்.

வீட்டில் அடி, மிரட்டல். "ஜெபம் பண்ணு, பொறுத்துக்கொள்" என்கிறார்கள்.

பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். ஜெபம் அங்கேயும் நடக்கும். சவுல் ஈட்டி எறிந்தபோது தாவீது ஓடினான். ஏரோதுக்குத் தப்பி யோசேப்பும் மரியாளும் குழந்தையோடு எகிப்துக்குப் போனார்கள். பவுலைக் கூடையில் வைத்துத் தமஸ்கு மதில் வழியாய் இறக்கிவிட்டார்கள். ஒருவரையும் வேதாகமம் விசுவாசமில்லாதவர் என்று சொல்லவில்லை. மன்னிப்பது என்றால் திரும்பப்போய் அடிவாங்குவது என்று பொருளில்லை.

ஜெபம் வேலைசெய்கிறது என்று விஞ்ஞானம் நிரூபித்திருக்கிறதா?

இப்படிச் சொல்லிப் பல செய்திகள் சுற்றுகின்றன. நேர்மையாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2006-இல் வெளியானது. முன்பின் தெரியாதவர்கள் அவர்களுக்காக ஜெபித்ததால் சிக்கல்கள் குறையவில்லை. தங்களுக்காக நிச்சயமாக ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்த பிரிவில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. ஜெபிக்கப்பட்டும் அது உறுதியாகத் தெரியாதிருந்த பிரிவில் 52 சதவீதம்.

என் விசுவாசம் இதனால் ஆடவில்லை. தகப்பனிடம் பிள்ளை பேசுவதைக் கட்டுப்பாட்டுக் குழு வைத்து அளக்க முடியாது. ஆனால் விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று பொய்யான பலம் தேடுவதும் நமக்குத் தேவையில்லை.

பொருத்தனை பண்ணலாமா? காணிக்கை அனுப்பினால் சீக்கிரம் விடுதலை என்கிறாரே ஒருவர்?

பதற்றத்தில் பொருத்தனை பண்ணாதீர்கள். நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5. ஜெயித்துத் திரும்பினால் வீட்டிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று யெப்தா அவசரத்தில் வாயைத் திறந்தான்; எதிரே வந்தது அவன் ஒரே மகள் (நியாயாதிபதிகள் 11).

பணம் கேட்பவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கொடுக்காதீர்கள். சீரியா தேசத்துப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கியதும் காணிக்கை கொடுக்க வந்தான், எலிசா தீர்க்கதரிசி வாங்கவே மாட்டேன் என்றான். பின்னால் ஓடிப்போய் வாங்கியவன் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி. நாகமானின் குஷ்டம் அவனைப் பிடித்தது என்று 2 இராஜாக்கள் 5 சொல்கிறது.

உபவாசம் நல்லது. ஆனால் நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே சாப்பாடு இறங்காமல் மெலிந்துபோனவர்கள் வேண்டாம்.

ஜெபத்தில் எதையுமே உணரவில்லை. தேவன் விலகிவிட்டாரா?

அன்னை தெரசா 1997-இல் இறந்தார். பத்து ஆண்டு கழித்து அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது உலகமே வியந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், தேவன் இருப்பதையே உணராத உள் இருளில் அவர் ஜெபித்திருக்கிறார், ஏழைகளைத் தூக்கியிருக்கிறார். உணர்வு வந்தால் நன்றி சொல்லுங்கள். வராவிட்டால் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 1521-இல் போரில் கால் நொறுங்கிப் படுக்கையில் கிடந்த நாட்களில் தன் மனதின் ஏற்ற இறக்கங்களைக் கவனிக்கத் தொடங்கியவர். உள்ளம் வறண்டு கலங்கியிருக்கும் நேரத்தில், முன்பு தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பது அவர் வகுத்த விதிகளில் ஒன்று. வேலையை விடுவது, ஊரை மாற்றுவது, சபையை விட்டு விலகுவது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இந்த விதி செல்லாது, உடனே வெளியேறுங்கள்.

நெருக்கடியில் இருப்பவரிடம் நாங்கள் என்ன பேசுவது?

யோபுவின் சிநேகிதர்கள் ஏழுநாள் ஏழு இரவு ஒன்றும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது! வாயைத் திறந்தபிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" ஆனார்கள். இயேசுவும் கெத்செமனேயில் மூன்று சீஷர்களிடம் கேட்டது ஆலோசனை இல்லை. இங்கே தங்கி விழித்திருங்கள் என்றார். அவர்கள் தூங்கிவிட்டார்கள்.

மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், படிவம் நிரப்பிக்கொடுங்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் சுருக்கமாக ஜெபியுங்கள். அப்புறம் ஒன்று. அவருடைய பிரச்சினையை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸாப் குழுவில் போடுவதற்கு முன்னால் அனுமதி வாங்குங்கள். அப்படிப் போட்டதால் சபைக்கே வராமல் போனவர்கள் உண்டு.

பிரச்சினை முடிந்துவிட்டது. இப்போதுதான் ஜெபிக்கவே மனம் வரவில்லை. நன்றிகெட்டவனாகிவிட்டேனா?

எலியா படுத்துவிட்டது தோல்விக்குப் பிறகு இல்லை, கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை ஜெயித்த பிறகு. மாதக்கணக்கில் இழுத்துக்கட்டியிருந்த உடம்பும் மனமும் ஆபத்து நீங்கியதும் தளர்ந்துவிடுகின்றன. ஓய்வெடுங்கள். ஆராதனையில் பாட வரவில்லையென்றால் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள்.

இந்த நேரத்தில் மேடையில் ஏறிச் சாட்சி சொல்லும்படி அழைப்பார்கள். தயாராக இல்லை என்றால் மறுத்துவிடலாம். எப்போது சொன்னாலும், அதே ஜெபத்தை ஜெபித்து, ஆளை இழந்துவிட்டவர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார் என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள். பார்த்த மருத்துவரையும், பணம் கொடுத்தவரையும், இரவில் கூட இருந்தவரையும் சாட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களைத் தனியாகப் பார்த்தும் ஒருமுறை நன்றி சொல்லிவிடுங்கள்.